பாராசாரியும் கிண்டி மைதானமும்: ஓர் ஊர் குதிரையை எப்படி நினைவில் வைக்கிறது?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. மராட்டியர்களின் 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்திருக்கும் அந்தப் பட்டியலில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். அதற்குப் பத்து மாதம் முன்பு, 2024 செப்டம்பரில், சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து சுமார் 160 ஏக்கர் நிலத்தைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. வாசலில் பூட்டு விழுந்தது. அதே ஆண்டில் ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கருக்கும் இதே கதிதான்.

இரண்டு செய்திகளுக்கும் நடுவே ஒரு குதிரை நிற்கிறது. செஞ்சி என்றதும் தமிழ்நாட்டில் பலர் வாயில் முதலில் வருவது சிவாஜியின் பெயர் அல்ல, தேசிங்கு ராஜாவின் பெயர். கூடவே அவன் குதிரை பாராசாரியின் பெயரும் வரும். கிண்டியிலோ 1777 முதலே பந்தயம் நடந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே ஓடி ஜெயித்த குதிரைகளில் ஒன்றின் பெயரையாவது சொல்லச் சொன்னால் சென்னைவாசிகளில் பெரும்பாலோர் திருதிருவென விழிப்பார்கள்.

மூன்று நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன ஒரு குதிரையின் பெயர் நிற்கிறது. முந்தாநாள் கோப்பை வாங்கிய குதிரையின் பெயர் நிற்கவில்லை. ஏன் இப்படி? குதிரை என்பது பாரம்பரியத்தில் சேருமா, சேர்ந்தால் எந்த வகையில்? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் நான்கு சொற்கள்

1. நினைவுச் சின்னம். சட்டப்படி இது கட்டடம், கல்வெட்டு, சிற்பம் போன்ற ஒரு பொருள். 1958-ம் ஆண்டின் மத்திய தொல்லியல் சட்டம் 100 ஆண்டு வயதைக் கேட்கிறது. வயது இருந்தால் மட்டும் போதாது, அரசு அறிவிக்கையும் வேண்டும்.

2. வாழும் மரபு. திருவிழா, பாட்டு, கூத்து, கைத்தொழில் போல ஆட்களின் உடம்பிலும் பழக்கத்திலும் இருப்பது. யுனெஸ்கோ இதற்கென்று 2003-ல் தனி உடன்படிக்கையே செய்தது. பொருளைப் பாதுகாக்கும் சட்டம் இதைக் காப்பாற்றாது. இரண்டும் வேறு வேறு.

3. போர்க்குதிரை. இது ஓர் இனம் அல்ல, வேலை. அரபுக் குதிரை, பாரசீகக் குதிரை, கத்தியவாரி, பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'வேலர்' என்று எதுவும் போர்க்குதிரை ஆகலாம். (நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்ததால் வேலர். நம் ஊரில் மண்குதிரை செய்யும் வேளாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர்ப் பொருத்தம் மட்டும் அழகு.)

4. பந்தயக் குதிரை. இது வேலையும் இனமும் சேர்ந்தது. தரோபிரெட் எனப்படும் இந்த இனத்தின் ஆண்வழி, இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்றே மூன்று கீழைநாட்டுக் குதிரைகளில் போய் முடிகிறது. இதன் வம்சப் பதிவேடு 1791-லேயே அச்சாகிவிட்டது. அந்த ஏட்டில் பெயர் ஏறாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் தரோபிரெட் ஆகாது.

## கப்பலில் வந்த விலங்கு

தமிழ்நாட்டில் குதிரை தானாகப் பெருகிய விலங்கு அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த சரக்குகளைப் பட்டியல் போடும் பட்டினப்பாலை "நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்" என்றுதான் தொடங்குகிறது. கடல்வழி வந்த குதிரை. ஆயிரம் ஆண்டு கழித்தும் நிலைமை மாறவில்லை. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் (இன்றைய கேரளப் பகுதி) குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13-ம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததையும், ஒரு குதிரைக்கு விலை 220 பொன் தினார் என்பதையும் குறிக்கிறார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து காசு கொடுத்தாக வேண்டுமாம்.

ஏறக்குறைய அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். எண்ணிக்கையில் பயணிக்கே உரிய மிகை இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே அழைத்து வருவதில்லை. குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்!

இந்தச் சந்தை நம் மொழிக்குள்ளும் கோயிலுக்குள்ளும் ஆழமாக இறங்கிவிட்டது. குதிரை வீரனைக் குறிக்கும் ராவுத்தர் என்ற சொல் குதிரை வணிகத்தோடும் குதிரைப் படையோடும் தொடர்புடைய ஒரு தமிழ் முஸ்லிம் சமூகத்தின் பெயராக நிற்கிறது. அருணகிரிநாதர் மயிலேறி வரும் முருகனையே "ராவுத்தனே" என்று கூப்பிடுகிறார். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்ட, மாட்டிக்கொண்ட அடியாருக்காகச் சிவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரை வியாபாரியாக வந்த கதை எல்லோருக்கும் தெரியும். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அது நடத்திக் காட்டப்படுகிறது. அந்தக் கதையின் நடுவே இருப்பது அரசாங்கக் குதிரைக் கொள்முதல் ஊழல் விசாரணை என்று சொன்னால் கோபப்படாதீர்கள், விஷயம் அதுதான்.

விலை கூடியது, சீக்கிரம் சாவது, வேறு ஊரில் பிறந்தது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் அடுத்தது புரியும். அப்படிப்பட்ட விலங்கு ராஜாவின் சொத்தாக இருக்கும், ஊரின் சொந்தமாக ஆகாது. மாட்டுக்கும் நாய்க்கும் கிடைத்த நெருக்கம் அதற்குக் கிடைக்கவில்லை.

## பெயர் யாருக்கு வாய்த்தது?

சங்க இலக்கியத்தில் குதிரைக்குப் பெயர் உண்டு, ஆனால் ஒரு சிக்கலோடு. சிறுபாணாற்றுப்படையில் "காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரியும்" என்று ஓர் அடி வருகிறது. காரி என்ற குதிரையில் ஏறியவன் காரி, ஓரி என்ற குதிரையில் ஏறியவன் ஓரி. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர். யார் பெயர் யாருக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒட்டிக்கிடக்கிறது.

போரில் குதிரையின் வீரத்தைப் பாடுவதற்குப் புறத்திணையில் 'குதிரை மறம்' என்று தனித் துறையே இருக்கிறது. அதில் இரண்டு பாட்டுகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

புறநானூறு 299-ல் பொன்முடியார் இரண்டு குதிரைகளை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒன்று, பருத்தி வேலி சூழ்ந்த சின்ன ஊரின் தலைவனுடையது. உளுந்துச் சக்கையைத் தின்று தளர் நடை போடுவது. இன்னொன்று நெய் விட்டு மிதித்த கவளம் தின்று வளர்ந்த பெரிய இடத்துக் குதிரை. களத்தில் முந்தியது உளுந்துச் சக்கை தின்றது.

273-ல் எருமை வெளியனார் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். "மா வாராதே, மா வாராதே, எல்லார் மாவும் வந்தன" என்று ஒருத்தி சொல்கிறாள். எல்லார் குதிரையும் திரும்பிவிட்டது; குடுமி வைத்த சின்னப் பையனைத் தந்தவன் ஏறிப்போன குதிரையை மட்டும் காணோம். இரண்டு பெரிய ஆறுகள் கூடும் இடத்தில் குறுக்கே நின்ற மரம் சாய்வது போல அது சாய்ந்துவிட்டதோ என்று கேட்கிறாள். கணவன் செத்தானா என்று அவள் கேட்கவில்லை. குதிரை விழுந்ததா என்று கேட்கிறாள். இந்தக் குதிரைக்கும் பெயர் சொல்லப்படவில்லை.

அப்புறம் நடுகல்லுக்கு வருவோம். வீரன் விழுந்த இடத்தில் கல் நட்டு வழிபடும் மரபு இது. விலங்குக்கு நடுகல் வைப்பார்களா என்றால், வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் இருக்கிறது. இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாகப் பெயரோடு எழுதிவைத்திருக்கிறார்கள். சண்டைச் சேவலுக்கும் கல் உண்டு. குதிரை பல நடுகற்களில் வந்தாலும், அதன் இடம் பெரும்பாலும் வீரனைச் சுமக்கும் இடம்தான். காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் கணிப்பு: நாய் தானே முடிவெடுத்துப் பாய்ந்தது. சேவல் தனியாக நின்று சண்டை போட்டது. குதிரையின் செயல், மேலே உட்கார்ந்திருப்பவன் கணக்கில் போய்விடுகிறது.

இந்த வழக்கத்தை உடைத்த பெயர்தான் பாராசாரி.

## செஞ்சியில் நடந்ததும் பாட்டில் நடந்ததும்

வரலாறு சுருக்கமானது. ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டைப் பொறுப்பு புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கிடம் போனது. 1714-ல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் கோட்டையை ஏற்றார். அவர்தான் நம் தேசிங்கு. கப்பப் பாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில், சில நூறு குதிரை வீரர்களோடு பெரும்படையை எதிர்த்த தேசிங்கு களத்தில் இறந்தார். வயது இருபதை ஒட்டித்தான். அவர் செஞ்சியை ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை.

பாட்டோ நீளமானது. தேசிங்கு ராஜன் கதையில், டில்லி பாதுஷாவிடம் இருக்கும், யாருக்கும் அடங்காத குதிரையைத் தேசிங்கு அடக்குகிறான். அதுதான் பாராசாரி. போர் மூண்டதும், கல்யாணப் பந்தலில் இருந்த அவன் நண்பன் மோவத்துக்கான் நீலவேணி என்ற குதிரையில் ஏறி வந்து சேர்கிறான். இந்து நண்பன், முஸ்லிம் நண்பன், இரண்டு குதிரை. நாலு பேர் கதை என்றே சொல்லலாம். செஞ்சிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டியில் நண்பனுக்கும் குதிரைக்கும் சமாதி என்று ஊர்க்காரர்கள் இடம் காட்டுகிறார்கள்.

இங்கே மூன்று விஷயங்கள் கவனிக்கத்தக்கவை.

1. குதிரையின் பெயரைக் காப்பாற்றியது அரசு ஆவணம் அல்ல, கதைப்பாட்டு. ராஜஸ்தானிலும் இதேதான். 1576 ஹல்திகாட்டிப் போரில் ராணா பிரதாப் ஏறிய குதிரைக்குச் சேத்தக் என்ற பெயர் வருவது, போருக்கு வெகுகாலம் கழித்து எழுந்த கதைப்பாடல்களில்தான். அதனால் அது பொய் என்று ஆகாது. ஊர் அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்ட தேதி வேறு, அவ்வளவுதான்.

2. பெயர் நிலைப்பதற்குத் தோல்வி உதவுகிறது. ஜெயித்த நவாப் ஏறிவந்தது என்ன குதிரை என்று யாரும் கேட்பதில்லை. சேத்தக்கின் கதையும் போர்க்களத்திலிருந்து பின்வாங்கிய கதைதான்.

3. யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்தது மராட்டியப் படைத்தளம் என்ற முறையில். 1677-ல் சிவாஜி பிடித்ததும், ராஜாராம் 1690 முதல் 1698 வரை முற்றுகையைத் தாங்கியதும் அதற்கு அடிப்படை. தேசிங்கு மராட்டியர் அல்ல. ஆக, பட்டியல் நினைவில் வைப்பது ஒன்று, ஊர் நினைவில் வைப்பது வேறொன்று. கோட்டைக்குள் இருக்கும் லாயத்தைப் பார்க்க வருபவர் பாராசாரியைத்தான் தேடுவார். அங்கே வைக்கப்போகும் தகவல் பலகை இரண்டையும் சொல்லாவிட்டால் குழப்பம் கூடும்.

## உடையவிட்டுக் காப்பது

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயிலுக்குப் போனால் வரிசையாக மண்குதிரைகள் நிற்கும். முன்வரிசையில் புதிது, பின்னால் நிறம் போனது, அதற்கும் பின்னால் காது உடைந்தது, கடைசியில் புதருக்குள் வெறும் கால்கள் மட்டும். முதல்முறை பார்ப்பவருக்கு, "ஐயோ, பராமரிக்காமல் விட்டுவிட்டார்களே" என்று தோன்றும். அது தவறான புரிதல்.

அய்யனார் இரவில் ஊர் எல்லையைச் சுற்றிவரும் காவல் தெய்வம். அவருக்கும் அவர் பரிவாரத்துக்கும் குதிரை வேண்டும். நேர்த்திக்கடனாகவோ ஊர்ப் பொதுவாகவோ குதிரை செய்துவைப்பதைப் புரவி எடுப்பு என்பார்கள். கோயில் சார்பில் வேளாரிடம் ஒரு கைப்பிடி மண் கொடுப்பதோடு வேலை தொடங்குகிறது. பிடிமண் என்று பெயர். வேளார் முதலில் நான்கு கால்களையும் குழாய் போலத் திரித்து நிறுத்தி, அவற்றின் மேல் வயிற்றை வளையம் வளையமாக ஏற்றுவார். உள்ளே முழுக்கக் கூடு. சுடும்போது ஆவி வெளியேற வழி விடாவிட்டால் சூளையிலேயே வெடித்துவிடும். கழுத்து மணி, சேணம், கடிவாளம் எல்லாம் மண்ணிலேயே ஒட்டப்படும். நாள் குறித்து ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தும். கண் திறந்த பிறகுதான் அது குதிரை. அதுவரை மண்.

நின்ற பிறகு அதைப் பழுது பார்ப்பதில்லை. மழையில் கரையலாம், உடையலாம், மரம் முளைக்கலாம். அடுத்த எடுப்பில் புதிது வரும். இங்கே நினைவைச் சுமப்பது பொருள் அல்ல, திரும்பத் திரும்பச் செய்வது. நூறு வயது கேட்கும் தொல்லியல் சட்டத்தின் கண்ணில் 20 வயது மண்குதிரை ஒன்றுமே இல்லை. ஆனால் அதைச் செய்த கை பல நூறு ஆண்டுப் பழக்கம் உடையது. பழைய குதிரையை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, பிடிமண் கொடுப்பதை நிறுத்திவிட்டால், எதைக் காப்பாற்றியதாக அர்த்தம்? இப்போது பல ஊர்களில் சிமெண்டுக் குதிரை வந்துவிட்டது. சிமெண்டு உடையாது. உடையாததால் அடுத்த எடுப்புக்குத் தேவையும் வராது. மண்குதிரை மரபுக்கு உண்மையான ஆபத்து அந்த உறுதிதான்.

கட்டிய குதிரையிலும் மரபைத் தொடர வழி இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைக்கு மாசி மகத்தன்று அதன் உயரத்துக்கே காகிதப்பூ மாலை போடுகிறார்கள். குதிரை நிரந்தரம், மாலை வருடாவருடம் புதிது.

அழகர் வைகையில் இறங்கும் தங்கக் குதிரை, ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கி நிற்கும் கல் குதிரைகள் எல்லாம் இந்த வகைதான். லட்சக்கணக்கானோர் பார்த்த குதிரைகள். ஒன்றுக்கும் தனிப்பெயர் கிடையாது.

ஆக, ஊர் உள்ள குதிரைக்குப் பெயர் இல்லை. இதற்கு நேர் எதிரானது பந்தயக் குதிரை.

## ஏட்டில் வாழும் குதிரை

பந்தயக் குதிரையின் வாழ்க்கையில் பதியப்படாதது எதுவும் இல்லை. தாய், தந்தை, பிறந்த தேதி, உடல் அடையாளங்கள், ஓடிய ஒவ்வொரு பந்தயம், சுமந்த எடை, எடுத்த நேரம், ஏறிய ஜாக்கி எல்லாம் ஏட்டில் இருக்கும். பெயர் 18 எழுத்துக் கட்டங்களுக்குள் அடங்க வேண்டும் என்பதுவரை விதி உண்டு. மாபெரும் குதிரைகளின் பெயரை வேறு குதிரைக்கு வைக்கவே கூடாது என்று பாதுகாக்கப்பட்ட பெயர்ப் பட்டியல் ஒன்றும் சர்வதேச அளவில் இருக்கிறது. காரிக்கும் ஓரிக்கும் கிடைக்காத பாதுகாப்பு.

பிறகு ஏன் ஊருக்குத் தெரிவதில்லை?

1. அது எந்த ஊரையும் சேர்ந்ததல்ல. ஒரு மாநிலப் பண்ணையில் பிறந்து, இன்னொரு நகரத்தில் பழகி, சென்னை, பெங்களூரு, ஊட்டி, மும்பை என்று பருவத்துக்கு ஒரு மைதானத்தில் ஓடுகிறது.

2. ஓடும் காலம் குறைவு. இரண்டு வயதில் தொடங்கி, பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடும்.

3. பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பாராசாரி என்று பாட்டுக் கட்டலாம். அச்சடித்த ஆங்கிலப் பெயரை வைத்துக் கும்மி அடிக்க முடியாது.

4. கடைசியாக, கசப்பு. தமிழ்க் குடும்பங்களில் 'ரேஸ்' என்ற சொல் குதிரையை அல்ல, தொலைந்த சம்பளத்தையும் அடகு போன நகையையும்தான் நினைவூட்டும். குதிரையைக் கொண்டாடத் தடையாக இருந்தது அந்தப் பந்தயச் சீட்டு.

இவற்றில் முதல் காரணமே மிகப் பெரியது என்பதற்கு எதிர் உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. ரெட் ரம் என்ற குதிரை கிராண்ட் நேஷனல் பந்தயத்தை 1973, 1974, 1977 என மூன்று முறை ஜெயித்தது. மூன்றும் ஒரே மைதானம், லிவர்பூல் அருகே உள்ள ஐன்ட்ரீ. பயிற்சி எடுத்ததும் பக்கத்துக் கடற்கரை ஊரில். 1995-ல் இறந்தபோது ஐன்ட்ரீயின் வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே பந்தயம் நடக்க, கூட்டம் அந்தக் கல்லறையைத் தாண்டித்தான் போகிறது. ஊர், உடல், வருடாந்திர நாள் மூன்றும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிட்டன.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 1930-ல் மெல்பர்ன் கோப்பை வென்ற ஃபார் லாப் 1932-ல் அமெரிக்காவில் இறந்தது. அதன் தோலைப் பதப்படுத்தி மெல்பர்னிலும், எலும்புக்கூட்டை அது பிறந்த நியூசிலாந்திலும், 6 கிலோவுக்கு மேல் எடையுள்ள இதயத்தைக் கான்பெராவிலும் வைத்திருக்கிறார்கள். நெப்போலியன் ஏறியதாகச் சொல்லப்படும் மரெங்கோவின் எலும்புக்கூடு லண்டன் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஒரு குளம்பைப் பொடி டப்பாவாக்கிவிட்டார்கள். உடலைக் கூறுபோட்டு வைத்துக்கொள்வது நமக்கு விநோதமாகப் படலாம். அதே ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் உலகப் போருக்குப் போன குதிரைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். தாய்நாடு திரும்பியது சாண்டி என்ற ஒன்றே ஒன்று. ஒன்றின் பெயரைப் பிடித்துக்கொண்டு மற்ற லட்சத்தை நினைக்கிறார்கள்.

## சென்னையின் இரண்டு குதிரைச் சிலைகள்

சிலையில் குதிரையின் ஒரு கால் தூக்கியிருந்தால் வீரன் காயத்தால் இறந்தவன், இரண்டு கால் தூக்கியிருந்தால் போரிலேயே இறந்தவன், நாலும் தரையில் இருந்தால் இயற்கை மரணம் என்று ஒரு விதி உலவுகிறது. அப்படி ஒரு விதியே கிடையாது. சிற்பிகள் எடையும் சமநிலையும் பார்த்துத்தான் காலை வைக்கிறார்கள். சில சிலைகளுக்கு அது தற்செயலாகப் பொருந்திவிடும். தீவுத்திடல் அருகே உள்ள, சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவின் சிலை அப்படிப் பொருந்துவதில் ஒன்று. நாலு காலும் தரையில், ஆளும் 1827-ல் காலராவில் இறந்தவர்.

1839-ல் நிறுவப்பட்ட அந்த வெண்கலச் சிலையில் வேறொரு விசித்திரம்: சேணம் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று சென்னையில் காலங்காலமாகக் கதை. ஆனால் அதே சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டனில் நான்காம் ஜார்ஜ் மன்னரையும் அதே கோலத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார். பழைய ரோமானியப் பாணியைப் பின்பற்றிய தேர்வு அது, மறதி அல்ல. மன்றோவைத் தூக்கி நிற்கும் குதிரைக்குப் பெயர் உண்டா என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது சிலை, ஜெமினி பாலம் எனப்படும் அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில். திமிறும் குதிரையை ஒருவன் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறான். ஜெமினி பாலத்தில் தினமும் போகிறவர்களில் பலர் இதை ஏதோ வீரச் சிலை என்றே நினைத்திருப்பார்கள். அது குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1970-களில் தி.மு.க. அரசு எடுத்த முடிவின் நினைவாக வைத்தது. 1974-ல் சட்டம் வந்தது. ஆனால் அது வழக்கில் சிக்கியது. 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. கிண்டிப் பந்தயத்தை நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே 1986-ல் அரசுடைமை ஆக்கப் போட்ட சட்டமும் அத்தோடு விழுந்தது. ஆக, ஒழியாத ஒன்றை ஒழித்ததற்கான நினைவுச் சின்னம் நகரத்தின் நடுவே நிற்கிறது.

## சரி, கிண்டிக்கு என்ன ஆகும்?

இப்போதைய சிக்கல் சூதாட்டம் பற்றியது அல்ல, வாடகை பற்றியது. 1945-லிருந்து கணக்கிட்டு 99 ஆண்டுக்குக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. பின்னாளில் அரசு வாடகையை உயர்த்த, கிளப் மறுக்க, பாக்கி 730 கோடி ரூபாயைத் தொட்டது. அதைக் கட்டச் சொல்லி 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குத்தகை ரத்து அதற்குப் பின் வந்தது. நிலத்தில் பூங்காவும், வெள்ள நீரைத் தேக்கக் குளங்களும் அமைப்பது அரசின் திட்டம். நகரத்துக்கு இரண்டும் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குதிரை நினைவு என்ற கோணத்தில் விளைவுகள் இவை:

1. ஓடுபாதை நினைவுச் சின்னம் ஆகாது. அது புல்தரை. பழைய கட்டடம் இருந்தால் அதற்கு வாதாடலாம், பந்தயம் என்ற பயன்பாட்டுக்குத் தொல்லியல் சட்டத்தில் இடம் இல்லை.

2. நிலம் கைமாறினாலும் ஏடுகள் கைமாறுவதில்லை. பந்தயப் புத்தகங்கள், கோப்பைகள், படங்கள் எல்லாம் ஒரு தனியார் சங்கத்தின் உடைமை. அவை எங்கே போகும் என்பது அந்தச் சங்கத்தின் விருப்பம். இரண்டு நூற்றாண்டுச் சென்னையின் பணக்காரர், மகாராஜா, ஜாக்கி, தரகர் வரலாறு அதில் கிடக்கிறது.

3. பூங்காவில் ஒரு குதிரைச் சிலை வைப்பது சுலபம். ஆனால் எந்தக் குதிரை? பெயர் சொல்லி வைத்தால் ஊருக்குத் தெரியாது. பெயர் இல்லாமல் வைத்தால் அது இன்னொரு அலங்காரச் சிலை.

4. ஏட்டிலும் இல்லாத, சிலையிலும் அடங்காத ஒன்று இருக்கிறது, அது வேலை. அதிகாலையில் குதிரையை நடத்திக் கூட்டிப்போகும் குதிரைக்காரர்கள், வயிற்றுவலியைக் காது அசைவிலேயே கண்டுபிடிக்கும் ஆட்கள், லாடம் அடிப்பவர்கள். மார்க்கோ போலோ இந்த மண்ணில் இல்லை என்று எழுதிய அதே ஆட்கள். 700 ஆண்டில் அந்தக் குறை தீர்ந்த இடங்களில் கிண்டியும் ஒன்று.

லாடம் அடிப்பதைப் பாடமாக எழுதிவைக்கலாம், படம் பிடிக்கலாம். ஆனால் குளம்பு நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருப்பது. நாலு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, புதிதாக அடிக்க வேண்டும். ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் குதிரை நொண்டும். எவ்வளவு உள்ளே என்பதைச் சுத்தியல் சத்தம் மாறுவதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அந்தக் காது பழகுவதற்கு மாதாமாதம் ஒரு குதிரை வந்து காலைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.